அழுக்குத் தண்ணீரில் கடைசியாக இறங்கிய பசு

ரென்ஸ்கே ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பால் வண்டி வந்துவிட்டது என்பதையும் கத்தித்தான் சொல்வாள், அண்ணனுக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்பதையும் அதே குரலில்தான் சொல்வாள். ஃபிரீஸ்லாந்தில், கடலணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்த ஊரில் காற்று ஓய்வதே இல்லை. அதை மிஞ்சிப் பேசிப் பேசித்தான் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்பது அவள் கட்சி. அவள் புருஷன் ஹார்மென் அதை ஒப்புக்கொண்டதில்லை.

"காத்து இல்லாத அன்னிக்கும் இப்படித்தானே கத்துற?" என்பான்.

தேவாலயப் பாட்டுக் குழுவில் ஒரு குளிர்காலம் சேர்ந்து பார்த்தாள். குழுத் தலைவர் மிகவும் மரியாதையான மனிதர். நீங்கள் கடைசி வரிசையில் நில்லுங்கள் என்றார். பிறகு கதவோரம் நில்லுங்கள் என்றார். பிறகு ஒரு நாள் காபி போட ஆள் வேண்டும் என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, அன்று முதல் மாடுகளுக்குப் பாடினாள். மாடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு பிள்ளைகளில் அவள் கடைசி. அண்ணன்மார் ஒருவன் கப்பலுக்கும், ஒருவன் வங்கிக்கும், இரண்டு பேர் கனடாவுக்குமாகப் போய்விட, அக்காமார் கல்யாணமாகிப் போக, அப்பாவின் முட்டி தேய்ந்துபோன வருஷம் வீட்டில் மிஞ்சியது இவள் ஒருத்திதான். "ஒரு வாரம் நான் கறக்கிறேன்" என்று சொன்னாள். அந்த ஒரு வாரம் முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஹார்மென் பால் தொட்டியின் குளிர்ச்சாதனத்தைப் பழுது பார்க்க வந்தவன். காபி குடிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. அதற்காக இருவருமே இதுவரை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மாடு என்றால் அவளுக்கு உயிர் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது முழு உண்மை இல்லை. அவளுக்கு மாடு பிடிக்கும். மாட்டைவிட, தான் சொன்னது சரியாகப் போவது இன்னும் பிடிக்கும்.

அந்தத் தொழுவத்துக்கு நோய் வந்தது, விலைக்கு வாங்கிய நாலு கிடாரிகளோடு. பின்னங்காலில், குதிகால் பிளவுக்குச் சற்று மேலே, ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பாதியாக அறுத்து ஒட்டிவைத்தது போல ஒரு புண். விரல் பட்டால் மாடு துள்ளும். நாற்றம் மூக்கைப் பிடித்தாலும் போகாது. ஊரில் அதற்கு இத்தாலி நாற்றக்கால் என்று பெயர். முதலில் இத்தாலியில்தான் கண்டுபிடித்தார்களாம். ஆகவே தன் மாட்டுக் காலில் இருக்கும் அழுக்குக்குத் தான் பொறுப்பில்லை என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. மருந்து தெளித்தால் ஆறும், ஆறியது திரும்ப வரும். அம்மை ஒரு தடவை வந்தால் மறு தடவை வராது என்பதெல்லாம் மனுஷனுக்கு. இந்த நோய்க்கு அந்த நாகரிகம் கிடையாது. "விரட்டிக்கிட்டே இருக்கலாம், வீட்டைக் காலி பண்ண வைக்க முடியாது" என்று மாட்டு வைத்தியர் கைவிரித்துவிட்டார்.

அதனால் கறவைக்கூடத்திலிருந்து வெளியேறும் வழியில் நீளமாக ஒரு தொட்டி வைத்து, அதில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரை நிரப்பினார்கள். கறந்து முடிந்ததும் மந்தை முழுவதும் வரிசையாக அதில் இறங்கி ஏறிப் போகும். அப்படியும் பாதி மாடுகள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நொண்டின.

ஒருத்தி மட்டும் நொண்டவில்லை. பெயர் கிரீட். அப்பாவின் அத்தை பெயர். அந்த அத்தையும் பிடிவாதத்துக்குப் பேர் போனவள். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நடுத்தரமான பால். ஐந்து ஈற்று ஆகியும் அவள் காலில் ஒரு கீறல் கிடையாது. ரென்ஸ்கே இதைத் தீவனக் கடையிலும் தேவாலயத்திலும் பல் வைத்தியர் வீட்டு வரவேற்பறையிலும் அறிவித்தாள். "கிரீட்டுக்கு அது வராது. அவ ரத்தத்துக்கே அது ஆகாது!" காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று ஊர் சிரித்துக்கொண்டது.

அந்த இலையுதிர்காலத்தில் குளம்பு சீவ டூர்க் வந்தான். அவனும் ரென்ஸ்கேயும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஆகவே மரியாதை என்பது அவர்களுக்குள் என்றைக்கும் இருந்ததில்லை. மாட்டைக் கூண்டுக்குள் நிறுத்தி, பின்னங்காலைப் பட்டையால் தூக்கி, குளம்பைச் சீவி, புண் இருந்தால் நீல மருந்தைத் தெளித்து இறக்கிவிடுவான். கிரீட்டின் கால் மேலே வந்ததும் ரென்ஸ்கே ஓடி வந்து நின்றாள்.

"பாருடா, நல்லாப் பாரு! ஒரு பொட்டு இருக்கா?"

"இல்ல."

"சத்தமா சொல்லு, ஹார்மெனுக்குக் கேக்கட்டும்!"

"இல்லம்மா தாயே, இல்ல. ஆனா இவளுக்கு எப்படி வரும்? தினம் தொட்டியில முதல்ல இறங்குறது யாரு?"

கிரீட் மந்தைக்குத் தலைவி. கறவைக்கூடத்துக்குள் முதலில் வருபவளும் அவள்தான், முதலில் வெளியே போகிறவளும் அவள்தான். முந்தப் பார்க்கும் மாட்டுக்கு விலாவில் ஒரு இடி விழும்.

டூர்க் கத்தியைத் தீட்டிக்கொண்டே விடாமல் சொன்னான்: "மகாராணி தெளிஞ்ச தண்ணியில காலை நனைச்சிட்டுப் போறா. கடைசி மாடு இறங்கறப்ப அது மருந்தா? சாணிக் கஞ்சி. உங்க வீட்டு சனிக்கிழமைக் குளியல் மறந்துபோச்சா உனக்கு? ஒரே தொட்டி, ஒரே தண்ணி. முதல்ல உங்க பெரியண்ணன் கெர்பன், கடைசில நீ. திங்கக்கிழமை உன் பக்கத்துல உக்காந்தவன் நான். அந்தத் தண்ணி எந்த லட்சணத்துல இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

ஹார்மென் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. ரென்ஸ்கேவின் முகம் காது வரை சிவந்தது. கேலி அவளுக்கு வலிக்கவில்லை. இத்தனை வருஷமாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவேயில்லையே, அதுதான் சுருக்கென்று குத்தியது.

குத்தியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வாரம்தான் கிரீட் ஒரு காளைக்கன்று ஈன்றிருந்தாள். அந்த ஊரில் காளைக்கன்றுக்கு ஆயுசு கம்மி. காளையின் விந்து சினை ஊசிக் குழாயில் வந்துவிடுகிறபோது பண்ணைக்குக் காளை எதற்கு? கொஞ்சம் தேறியதும் கறிக்கன்று வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் இந்தக் கன்றைப் பார்த்ததும் ரென்ஸ்கே, பண்ணைகளுக்குச் சினை ஊசி அனுப்பும் இனவிருத்திச் சங்கத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, கிரீட்டின் கால்களைப் பற்றி ஒரு மூச்சு பாடியிருந்தாள். அங்கிருந்த சீட்ஸே என்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டூர்க் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்.

"வரிசையில எத்தனாவதா போகுது?"

அப்போது அவள் பெருமையாக "முதல்ல!" என்று கத்தியிருந்தாள்.

"அப்படின்னா இது மாட்டோட குணமா, தண்ணியோட குணமான்னு என்னால சொல்ல முடியாதும்மா. கடைசியா விட்டும் கால் சுத்தமா இருந்தா கூப்பிடுங்க. கன்னுக்குட்டியை வந்து பாக்குறேன்."

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அன்று அவள் திட்டிக்கொண்டு வைத்தாள். இன்று டூர்க்கும் அதையே சொன்ன பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இவளைக் கடைசியா விடுறேன். இந்தக் குளிர்காலம் முழுக்க! பையனை நான் கறிவண்டியில அனுப்ப மாட்டேன்."

"காளையை வளர்த்து என்ன பண்ணப் போற? தீவனம் தின்னும், வேலியை உடைக்கும், கடைசில உன்னை முட்டும்" என்றான் ஹார்மென்.

"அவ கால் சுத்தமா இருந்தா சங்கத்துக்காரங்க எடுத்துக்குவாங்க. அவனுக்குப் பொறக்கறதுங்க எல்லாம் இவ காலோட பொறக்கும். நெனச்சுப் பாரு, ஹார்மென், நொண்டாத மந்தை!"

ஹார்மென் சட்டையிலிருந்த காபியைத் துடைத்துக்கொண்டான். அவன் அதிகம் பேசாதவன், பேசியதை மாற்றாதவன். "சரி. வசந்தத்துல டூர்க் வர்ற வரைக்கும். அன்னிக்கு அவ கால்ல புண் இருந்தா பையன் வண்டி ஏறுறான். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்!" என்று அவள் அவன் கையில் அறைந்து சத்தியம் செய்தாள். அந்த ஊரில் மாட்டு வியாபாரம் அப்படிக் கையில் அறைந்துதான் முடியும். கன்றுக்கு கெர்பன் என்று பெயர் வைத்தாள். தொட்டியில் முதலில் இறங்கிய அண்ணன் பேரில் அவளுக்கு இருந்த பழைய கணக்கு அது.

கிரீட்டைக் கடைசியாக விடுவது என்று சொல்வது எளிது. முதல் நாள் அவளைக் கறவைக்கூட வாசலில் தடுத்து நிறுத்தினார்கள். அவள் நின்றாள். அவள் நின்றதால் மற்ற மாடுகளும் நின்றன. தலைவி போகாத இடத்துக்கு நாங்கள் எப்படிப் போவது என்று மந்தையே வாசலில் குவிந்து கத்தியது. ரென்ஸ்கே தள்ளினாள், கெஞ்சினாள், பாடிக்கூடப் பார்த்தாள். பால் வண்டிக்காரன் வந்து, காத்திருந்து, போய்விட்டான்.

"உன் மாட்டுக்கு நோய் எதிர்ப்பு இருக்கோ இல்லையோ, உனக்கு எதிர்ப்பு நல்லாவே இருக்கு" என்றான் ஹார்மென்.

மறுநாள் அவளே வழி கண்டுபிடித்தாள். கிரீட் வழக்கம்போல முதலில் வந்து முதலில் கறக்கட்டும். வெளியே போகும்போது மட்டும் பக்கக் கதவு வழியாக, தொட்டியில் கால் படாமல் போகட்டும். மந்தை முழுக்கத் தொட்டியில் இறங்கி ஏறி, தண்ணீர் கெட்டுக் குழம்பான பிறகு, கை நிறையத் தீவன உருண்டையை நீட்டி அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டியது. தீவன உருண்டைக்கு கிரீட் நரகத்துக்கும் வருவாள். பச்சையும் பழுப்புமாக நுரைத்துக் கிடந்த அந்தக் குழம்பில், எல்லா நோயாளிகளின் காலும் கழுவிய மிச்சத்தில், அவள் அலட்சியமாக இறங்கி, நடந்து, ஏறி, உருண்டையைத் தின்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ரென்ஸ்கே துள்ளிக்கொண்டு திரிந்தாள். தினம் குழாயால் அந்தக் குதிகாலைக் கழுவிப் பார்ப்பாள். தூரத்திலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டுவாள். கால்வாய் உறைந்து ஊரே சறுக்கப் போன நாட்களிலும் அவள் தொட்டியருகில்தான் நின்றாள். கெர்பன் வளர்ந்தான். கழுத்து தடித்தது, தாயின் பொட்டு அவன் நெற்றியிலும் அகலமாகியது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. அவனுடைய கால்களைப் பார்த்து அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உருகியதை டூர்க் கண்டிருந்தால் சாகும்வரை சொல்லிக்காட்டியிருப்பான்.

மாடுகளைப் புல்லுக்கு விடுவதற்கு முந்தைய வாரம் டூர்க் கூண்டோடு வந்து சேர்ந்தான். அன்று சீட்ஸேயும் வந்தார். அடர்த்தியான புருவமும் சேறு படாத ரப்பர் பூட்ஸுமாக, சாந்தமான மனிதர். முதலில் போய் கெர்பனைப் பார்த்தார். சுற்றி வந்து, முதுகைத் தடவி, "நல்லா இருக்கான்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு ரென்ஸ்கே தலைகால் புரியாமல் குதித்தாள்.

"கிரீட்! கிரீட்டைக் கொண்டு வா!"

இடது பின்னங்கால் மேலே வந்தது. டூர்க் கழுவினான். சுத்தம். "ஹா!" என்று ரென்ஸ்கே போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. வலது பின்னங்கால் மேலே வந்தது. டூர்க் கழுவினான், குனிந்தான், மறுபடி கழுவினான்.

"ரென்ஸ்கே" என்றான், கேலி இல்லாத குரலில்.

குதிகாலுக்கு மேலே, தண்ணீர் சொட்ட, புத்தம் புதிதாக ஒரு சிவப்பு. முந்தின நாள் வரை அது இல்லை. இருந்திருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. நாணயம் அளவு. சந்தேகமே வேண்டாம், அந்த நாற்றமும் வந்துவிட்டது. ஹார்மென் கெர்பன் நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான். ரென்ஸ்கே கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் கத்தியது போயிற்று, குளிர்காலம் முழுக்கக் குழம்பில் நின்றது போயிற்று. அதெல்லாம் போகட்டும். பையன் போகிறானே!

டூர்க்கின் கை தன்பாட்டில் நீல மருந்து டப்பாவை எடுத்து, குலுக்கி, புண்ணுக்கு நேரே பிடித்தது. அந்தக் குலுக்கல் சத்தம் கேட்டதும் ரென்ஸ்கே பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதே!"

"பைத்தியமா உனக்கு? புண்ணு இருக்கு."

"இருக்கட்டும். டேய், நீ இத்தனை வருஷமா குளம்பு சீவுறியே, சிவப்பைப் பாத்துட்டு மருந்து அடிக்காம ஒரு மாட்டையாவது விட்டிருக்கியா?"

"ஏன் விடணும்?"

"விட்டிருக்கியா, இல்லையா?"

டூர்க் டப்பாவை இறக்கினான். "இல்ல. சிவப்பைப் பாத்தா கை தானா போகும். என் கை மட்டுமா? இந்த ஜில்லாவுல எல்லாக் கையும்."

"அப்போ தானா ஆறுமா ஆறாதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சீட்ஸே பையை மூடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். புருவம் இரண்டும் மேலே போயின. "அது நல்ல கேள்வி" என்றார். "நோய் வராமலே இருக்கறது ஒரு வகை. வந்தும், உடம்பே அதை அடக்கி வெளியே தள்ளுறது இன்னொரு வகை. நாங்க ரெண்டையும்தான் தேடிக்கிட்டு இருக்கோம். ஆனா ரெண்டாவதை எந்தப் பண்ணையிலயும் பாக்க முடியல. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாத்தையும் நீலமாக்கிடுறாங்க."

"கேட்டியா? கேட்டியா!" என்று ரென்ஸ்கே டூர்க்கின் கையை உலுக்கினாள்.

"ஆனா ஹார்மென் பேச்சு மாறக் கூடாதுன்னு சொல்லிட்டானே" என்றான் டூர்க்.

எல்லோரும் ஹார்மெனைப் பார்த்தார்கள். அவன் கூண்டுக்குள் கிரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளோ அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"நொண்டுறாளா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்போ நொண்டுற வரைக்கும் வண்டி வர வேண்டாம்."

இருபத்தைந்து வருஷத்தில் அவன் பேச்சு மாறியது அன்று ஒரு தடவைதான். ரென்ஸ்கே எல்லோர் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். அவன் தொப்பி கூண்டுக்குள் விழுந்து கிரீட் அதை மிதித்தாள்.

சீட்ஸே இரண்டு நிபந்தனை போட்டார். அதே அளவு புண் உள்ள இன்னொரு மாட்டையும் கூடவே நிறுத்தி, இரண்டையும் மருந்து அடிக்காமல், தொட்டியிலும் இறக்காமல் வைக்க வேண்டும். இரண்டில் எது நொண்டினாலும் அந்த நிமிஷமே மருந்து. இரண்டாவதைச் சொல்ல அவர் தயங்கினார். "ரெண்டும் தொழுவத்துலயே இருக்கணும். புல்லுக்குப் போனா தரை சுத்தம், காத்து சுத்தம், எல்லாக் காலும் கொஞ்சம் தேறும். அப்புறம் ஆத்துனது ரத்தமா புல்லான்னு யாருக்கும் தெரியாது."

"புல்லுக்கு விடுற நாள் இந்த சனிக்கிழமை" என்றான் ஹார்மென்.

"தெரியும்" என்றார் சீட்ஸே.

குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் அடைந்து கிடந்த மாடுகள் முதல் தடவையாகப் புல்லில் கால் வைக்கும் நாள் அது. ஊரே வேலியோரம் கூடிவிடும். அவரவர் வீட்டிலிருந்து இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய கேக்கும் காபிக் குடுவையும் வரும். பிள்ளைகள் கதவுகள் மேல் ஏறி உட்காரும். கதவைத் திறந்ததும் கிழட்டுப் பசுவும் மடி குலுங்க நாலு காலையும் தூக்கிக் குதிக்கும். ஐந்து வருஷமாக முதலில் பாய்ந்தவள் கிரீட். இந்த வருஷம் கதவு திறந்தும் மாடுகள் வாசலில் தயங்கி நின்றன. பின்னாலிருந்து ஒரு கிடாரி பொறுமையிழந்து பிய்த்துக்கொண்டு ஓட, அப்புறம் அணை உடைந்தது. ஊர் கைதட்டியது. தொழுவத்துக்குள்ளிருந்து கிரீட் கத்தினாள்.

ரென்ஸ்கே கேக் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கிரீட் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டு நின்றாள். வெளியே கேட்கும் ஒவ்வொரு குளம்புச் சத்தத்துக்கும் அவள் காது திரும்பியது. பக்கத்தில் டெட்ஸ்கா என்ற இளம் பசு, துணைக்குப் புண்ணோடு நிறுத்தப்பட்டவள், ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"கத்துடி, நல்லாக் கத்து" என்றாள் ரென்ஸ்கே. "என்னையும் சேத்துத் திட்டு. உன் பையனுக்காகத்தான்டி." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பையனுக்காக மட்டும்தானா, தான் ஊரில் சொன்னது பொய்யாகக் கூடாது என்பதற்காகவுமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று மாட்டிடம் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த வாரம் டெட்ஸ்கா நொண்டினாள். ரென்ஸ்கே அலறிக்கொண்டு ஓடி மருந்து அடித்துக் கட்டுப் போட்டு, அவளைப் புல்லுக்கு விட்டாள். அன்று முழுக்க கிரீட்டின் நடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிரீட் நொண்டவில்லை. காலையிலும் சாயங்காலமும் ரென்ஸ்கே ஈரத் தரையில் முட்டி போட்டு, கழுவி, விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பிறகு ஓரம் கறுத்தது போல இருந்தது. ஆசை கண்ணை மறைக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கறுப்பு உள்ளே நகர்ந்தது, பொருக்குத் தட்டியது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாய்விட்டால் ஓடிப்போய்விடுமோ என்று பயம். சாப்பாட்டு மேசையில் அவள் பேசாமல் உருளைக்கிழங்கைப் பிசைவதைப் பார்த்து ஹார்மெனுக்குக் குலை நடுங்கியது.

"உனக்கு உடம்பு சரியில்லையா? டாக்டரைக் கூப்பிடவா?"

"டூர்க்கைக் கூப்பிடு" என்றாள். "சீட்ஸேயையும்."

மறுபடி கூண்டு வந்தது. மறுபடி வலது பின்னங்கால் மேலே வந்தது. ரென்ஸ்கே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. டூர்க் கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்தினான்; சும்மா தொட்டாலே மாடு உதைக்கிற இடம். கிரீட் அசைபோட்டாள். அவன் இன்னும் அழுத்தினான். பிறகு மூக்கைக் குதிகாலருகே கொண்டுபோய் மோந்தான்.

"என்னடா? சொல்லித் தொலை!"

"நாறல."

"அப்படின்னா?"

"கண்ணைத் தொறந்து பாரேன்டி."

பார்த்தாள். இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். அதன் மேல் பூனை முடி போல மெல்லிய ரோமம் முளைக்கத் தொடங்கியிருந்தது. ரென்ஸ்கே ஒரு சத்தம் போட்டாள். அது வார்த்தை இல்லை. கடலணைக்கு மேலே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

சீட்ஸே விரலால் தடவிப் பார்த்து, படம் எடுத்து, மறுபடி தடவிப் பார்த்தார். "ஒண்ணு சொல்லிடுறேன், வருத்தப்படாதீங்க. ஒரு மாடு ஒரு மாடுதான். இதை வெச்சு எதிர்ப்புச் சக்தின்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"சரி, சரி, பையன்?"

"பையனைக் கூட்டிட்டுப் போறேன். அவனுக்குப் பொறக்கற பொண்ணுங்க நாலு பக்கமும் தொழுவங்கள்ல நிக்கட்டும். அதுங்க கால் சொல்லும், உங்க மாடு சொன்னது நிஜமான்னு."

"அதுக்கு எத்தனை வருஷமாகும்?"

"நாலு, அஞ்சு."

"அதுவரைக்கும் அவன் என்ன பண்ணுவான்?"

"தின்னுவான், தூங்குவான். உங்களைவிட நல்லா இருப்பான்."

டூர்க் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, "நான் தோத்தேன், ரென்ஸ்கே" என்றான். எந்தப் பந்தயமும் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் அது அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னான்.

சங்கத்து வண்டி அன்றைக்கே வந்து நின்றது. கறிக்கன்று வண்டியிலிருந்து தப்பித்தவன் இந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்று சரிவுப் பலகையில் நாலு காலையும் ஊன்றி நின்றான். மூன்று ஆண்கள் தள்ளியும் நகரவில்லை. கடைசியில் ரென்ஸ்கே தானே பலகையில் ஏறி வண்டிக்குள் போனாள். "வாடா கெர்பன், வா, தங்கம்" என்றாள், அவள் வாழ்க்கையில் யாரும் கேட்டிராத மெல்லிய குரலில். அவன் அவள் பின்னாலேயே ஏறினான். அவள் கையிலிருந்த தீவன உருண்டையை அவன் தின்று முடிக்கும்வரை உள்ளே நின்று கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். இறங்கியபோது அவள் கன்னமெல்லாம் ஈரம். வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. ஜெயித்தாலும் அவன் போகத்தான் வேண்டும் என்பதை அவள் அதுவரை யோசித்திருக்கவேயில்லை.

வண்டி வரப்பைத் தாண்டி மறைந்ததும், "இப்போ அவ!" என்று கத்திக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள். டூர்க் கூண்டைக் கட்டுவதை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றான். ஹார்மென் கதவைத் திறந்தான். கிரீட் வெளியே வந்தாள். வாசலில் நின்று காற்றை மோந்தாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் நிதானமாக நாலு அடி நடந்து, தலையைக் குனிந்து, மேயத் தொடங்கினாள்.

"அவ்வளவுதானா?" என்றான் டூர்க்.

"குதிடி!" என்றாள் ரென்ஸ்கே. "குதிடி என் ராணி, உனக்காக எத்தனை பேர் நிக்கறோம்!"

கிரீட் காதைக்கூட அசைக்கவில்லை. புல் அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது. ரென்ஸ்கே ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து முறைத்தாள். பிறகு மரச் செருப்பு இரண்டையும் உதறிவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஈரப் புல்லில் இறங்கி ஓடினாள். கைகளை வீசி, காலை உதறி, ஐம்பத்து மூன்று வயது உடம்பு குலுங்கக் குலுங்க, கால்வாய்க் கரை வரை கத்திக்கொண்டே குதித்துப் போனாள். தூரத்தில் மந்தை மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து பார்த்தது.

"அவளுக்குத்தான்யா மருந்து இல்ல" என்றான் டூர்க்.

ஹார்மென் தொப்பியைக் கழற்றி வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, அவள் பின்னால் ஓடினான்.